அதது இருக்கிற இடம்

பிள்ளை விட்டபாடில்லை.

உம்மா ஷமீலாவோடு பாட்டி வீட்டிலிருந்து வந்து இறங்கியதும் தொடங்கிய அழுகை. சும்மா அழுகையா? தெருவே எட்டிப் பார்க்கிற அழுகை. காதைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்குமாக ஓடுகிறான். சுவரில் முட்டுகிறான். மறுபடி ஓடுகிறான்.

வாப்பாக்காரனும் மகன் பின்னாலேயே ஓடினான்.

பெயிண்ட் வாடை ஒத்துக்கொள்ளவில்லையோ? ஜன்னலைத் திறந்தான். ஃபேனைக் கூட்டினான். பிஸ்கட்டை நீட்டினான்.

பிஸ்கட் பறந்தது.

ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தவன் அவன். பெண்டாட்டியும் பிள்ளையும் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பெயிண்ட் அடித்து வைத்தான். அசந்து போவார்கள் என்று நினைத்தான்.

அடிக்கும்போதுதான் அந்தக் காகிதங்களைப் பிய்த்தான். கதவில் ‘கதவு’, பானையில் ‘பானை’, கட்டிலில் ‘கட்டில்’. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பொருளிலேயே பேரை எழுதி ஒட்டுங்கள், வாசிக்கப் பழகுவான் என்று டீச்சர் சொன்னாராம். நவ்ஃபல் வாசிக்கிறான் என்று ஷமீலா போனில் சத்தியம் பண்ணினாள்.

வாயே திறக்காத பிள்ளை வாசிக்கிறானாம்! பெற்றவள் மனசு, அப்படித்தான் சொல்லும் என்று விட்டுவிட்டான்.

ஆனாலும் காகிதங்களைக் குப்பையில் போட மனம் வரவில்லை. எல்லாவற்றையும், மேசையில் உதிர்ந்து கிடந்த ஒன்றையும் சேர்த்து, பீரோ கதவில் வரிசையாக, பள்ளிக்கூடச் சார்ட் மாதிரி ஒட்டி வைத்தான். படிப்பென்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா?

இப்போது பிள்ளை அந்தப் பீரோ முன்னால் நின்றான்.

ஒரு காகிதத்தைப் பிய்த்தான்.

“டேய், டேய்!” என்று அவன் பாய்ந்தான். ஷமீலா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“செத்த சும்மா இருங்க மச்சான்.”

பிள்ளை ஓடிப்போய் ஜன்னலில் ஒட்டினான். புதுப் பெயிண்டின் மேல், கோணலாக.

‘ஜன்னல்.’

திரும்பி வந்து இன்னொன்று. கட்டிலுக்குப் போனது. இன்னொன்று அடுப்படிக்கு. விசும்பல் மட்டும் நிற்கவில்லை; மூக்கு ஒழுக ஒழுக, ஒரு காகிதம்கூடத் தப்பாமல் ஒவ்வொன்றும் அதது இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அட, படைத்தவனே! வாசிக்கிறான். என் பிள்ளை வாசிக்கிறான்.

அவனுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எதிரே நின்ற ஷமீலாவிடம் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

பீரோவில் கடைசியாக ஒரு காகிதம் மிஞ்சியது.

‘வாப்பா.’

லீவில் வந்ததிலிருந்து பிள்ளை அவனிடம் ஒட்டவே இல்லை. தூக்கினால் நெளிந்து இறங்கிவிடுவான். முகத்தைப் பிடித்துத் திருப்பினால் கண் வேறெங்கோ போகும். இதெல்லாம் போகட்டும். இப்போது வருவானே!

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். குனிந்து, பிள்ளைக்கு எட்டுகிற மாதிரி நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றான்.

நவ்ஃபல் காகிதத்தோடு வந்தான்.

அவனைச் சுற்றிக்கொண்டு போனான்.

மேசையில், ஸ்டாண்டில் சாய்த்து வைத்திருந்த ஷமீலாவின் போனை எடுத்தான். அதன் முதுகில் ஒட்டினான். தேய்த்துத் தேய்த்து ஒட்டினான். மறுபடி ஸ்டாண்டிலேயே வைத்தான்.

விசும்பல் நின்றது.

ஷமீலா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நாந்தான் அங்கன ஒட்டி வச்சேன். வேற எங்க ஒட்டச் சொல்றீங்க?”

அவன் வேகமாக அடுப்படிக்குப் போய், தன் போனை எடுத்து, மேசையில் இருந்த போனுக்கு வீடியோ கால் போட்டான்.

கூடத்தில் மணி அடித்தது.

வாசல்நிலையில் மறைந்து நின்று பார்த்தான். பிள்ளை ஓடி வந்து மேசை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். விரலால் தொட்டு அழைப்பை எடுத்தான்.

திரையில் நவ்ஃபலின் முகம் வந்தது. நேராக, கண்ணுக்குள் பார்த்தது. சிரித்தது.

அவனும் சிரித்தான். சிரித்தபடியே அழுதான்.

பிறகு, போனைத் தாழ்த்தாமல், கூடத்தை நோக்கி மெல்ல ஓர் எட்டு வைத்தான்.