இரண்டு குண்டூசி

பத்தே நிமிஷம். கேள்வியைப் படித்தாளோ இல்லையோ, மளமளவென்று எழுதித் தள்ளிவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள் தீபிகா. அப்புறம் ஜன்னல் வழியே ஏரியில் போகும் படகுகளை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

எதிர் மேசையில் மாதம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே நாலாவது கேள்வியைத் தாண்ட முடியவில்லை, அந்தச் சிறுக்கிக்குப் படகு பார்க்க வேண்டிக்கிடக்கிறதா!

லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்கு ஒரே ஓர் இடம். போட்டிக்கு நின்றதும் ரூம் சுத்தம் செய்யும் இந்த இரண்டு பேர்தான். மாதம்மாள் ஏழு வருஷமாகக் குனிந்து குனிந்து பெட்ஷீட் மாற்றியே இடுப்பு விட்டுப்போனவள். "இனிமே குனியற வேலை ஆகாதும்மா" என்று சேலத்து டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். உட்கார்ந்து பார்க்கிற இந்த வேலை கிடைக்காவிட்டால் சொந்த ஊரான வாழவந்தியில் ஊட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

தீபிகா வேலைக்கு வந்து எட்டு மாசம்கூட முழுசாக ஆகவில்லை. அவளும் வாழவந்திக்காரிதான், காலையில் இரண்டு பேருக்கும் ஒரே பஸ். அந்தப் பஸ்ஸிலும் அவள் இங்கிலீஷ் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வருவது மாதம்மாளுக்கு ஆகவே ஆகாது.

மேனேஜர் அங்கப்பன் ஒரு மாசமாக மத்தியானத்தில் இருவருக்கும் இங்கிலீஷ் பாடம் நடத்தினார். "தண்ணி வரல, மோட்டார் ரிப்பேர்னு துண்டு துண்டாச் சொன்னா கெஸ்ட்டுக்குக் கோவம் வருமில்ல? நடுவுல ஒரு பிகாஸ் போட்டுச் சேத்துச் சொல்லோணும்" என்பார். பிகாஸ், ஆல்தோ, அன்லெஸ், எதைக் கொடுத்தாலும் தீபிகா பட்டென்று இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துவிடுவாள். மாதம்மாள் விளக்குமாற்றோடு முணுமுணுத்துப் படித்தும், எங்கே பட், எங்கே ஸோ என்று குழம்பிப் போவாள்.

'பொறந்ததே லண்டன்லன்னு நெனப்பு!' என்று உள்ளுக்குள் பொருமுவாள்.

பரீட்சை முடிந்ததும் தீபிகா ஓடி வந்தாள். "அக்கா, நல்லா எழுதுனீங்களா? கோடிட்ட எடத்தையெல்லாம் ரொப்பிட்டீங்களா?"

"உனக்கு எதுக்குடி அது? உஞ் சோலியப் பாரு."

"இல்லீங்கக்கா, சும்மாதான் கேட்டேன்" என்று முகம் சுருங்கிப் போய்விட்டாள் அவள்.

போன தடவை சமையல்கட்டுக்கு ஆள் எடுத்தபோது ஓரவஞ்சனை என்று புகார் கிளம்பியதால், அங்கப்பன் இந்தத் தடவை உஷாராக இருந்தார். தாளில் பேர் எழுதக் கூடாது. துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, தாளோடு குண்டூசியால் குத்தித் தர வேண்டும். ஒண்டிக்கடைப் பக்கம் குடியிருக்கும் ரிடையர்டு டீச்சர் திருத்தி மார்க் போட்ட பிறகுதான் சீட்டைப் பிரிக்கலாம்.

"மாதம்மா, இந்தக் கவரை டீச்சர் ஊட்டுல குடுத்துட்டு வந்துரு. மொத்த ரூம் சாவியவும் உன்னைய நம்பித்தான உட்டிருக்கேன்" என்றார்.

பாதி வழியில் பஸ் ஸ்டாப் நிழற்குடையில் யாருமில்லை. மாதம்மாள் உட்கார்ந்து கவரைப் பிரித்தாள்.

அவள் தாளில் ஐந்து இடம் காலி. தீபிகாவின் தாளில் இருபதும் நிரம்பியிருந்தது, ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. எது சரி, எது தப்பு என்று பார்க்கிற அளவுக்கு மாதம்மாளுக்கு ஏது படிப்பு? பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

"சேர்வராயா, இந்த ஒருக்கா மட்டும் கண்ண மூடிக்க சாமி!"

இரண்டு குண்டூசிகளையும் உருவினாள். சீட்டுகளை மாற்றிக் குத்தினாள். கவரைப் பழையபடி மடித்து டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் அங்கப்பன் இருவரையும் கூப்பிட்டார்.

"தீபிகா, இருபதுக்குப் பன்னெண்டு. நாளையிலிருந்து ரிசப்ஷன்ல நீதாம்மா." மாதம்மாள் பக்கம் திரும்பியவர் தயங்கினார். "உனக்கு சைபர், மாதம்மா. ஒண்ணுகூடச் சரியில்லையாம். எனக்கே நம்ப முடியல."

பன்னிரண்டு மார்க் வாங்கியது மாதம்மாள் எழுதிய தாள்! வாயைத் திறந்து சொல்லவா முடியும்? நாற்காலியும் போச்சு, அதுவும் தன் மார்க்கிலேயே அந்தச் சிறுக்கிக்குப் போச்சு என்று நெஞ்சு கொதித்தது. அது சரி, எல்லாம் தெரிந்த அந்த மகராசியின் தாளுக்கு எப்படி சைபர் வரும்?

வெளியே வந்து மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே வந்த தீபிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். அடி மனசில் இருந்த எரிச்சலெல்லாம் மாதம்மாளின் வாய்க்கு வந்தது.

"வேலதான் கெடச்சிருச்சே, அப்புறம் என்னடி அழுகை?"

"இடுப்பு வலியோட நீங்க நொம்பச் செரமப்படறீங்களேன்னு, இருபதையும் வேணும்னே தப்பா எழுதி வெச்சனேக்கா... எனக்கு எப்பிடிக்கா பன்னெண்டு வந்துச்சு?"