பின்வாசல் சாஸ்திரம்

“பின்னால ஒரு வாசல் விட்டுருங்க இஞ்சினியரே. காத்தோட்டத்துக்குத்தான்” என்றார் சேவுகன்.

மேஜைமேல் விரித்திருந்த வரைபடத்தில், சேரிப் பக்கம் பார்த்த சுவரின்மீது அவர் விரல் நின்றது. அந்தக் காற்று எந்தச் சாதியைச் சேர்ந்தது என்பது டாக்டர் அமிர்தவல்லிக்கு உடனே விளங்கிவிட்டது.

புதுக்கோட்டையில் கட்டப்போகும் இலவசப் பிரசவ விடுதிக்கு அவள்தான் டாக்டர். இடமும் பணமும் கொடுப்பவர் அரிசி மில் உடையப்பன். சேவுகன் அவருடைய பங்காளி. கொடுத்தது ஒன்றுமில்லை, ஆகவே யோசனைகள் நிறைய வைத்திருந்தார். பிளான் போட்டவர் ஆத்மநாதன். வாசகசாலை, சந்தைக் கொட்டகை என்று சொந்த ஊருக்கு லாபம் பார்க்காமல் கட்டித் தருகிற கம்பெனி அவருடையது.

“காத்துக்கு ஜன்னல் இருக்கே” என்றாள் அமிர்தவல்லி. “வாசல் எதுக்குங்க?”

“நம்ம வீட்டுப் பொம்பளைக நுழையிற வாசல்லயே அவுகளும் வந்தா, அப்புறம் யாரும்மா இங்கிட்டுப் பிரசவத்துக்கு வருவா?”

“தீண்டாமை ஒழிப்புச் சட்டம் வந்து மூணு வருஷமாச்சு.”

“சட்டம் மெட்ராஸுல இருக்கு, டில்லியில இருக்கு டாக்டரம்மா. வாசல் இங்கிட்டுல்ல இருக்கு!”

இதுவரை அவள் வேலை பார்த்த பழைய விடுதியிலும் ஒரு பின்வாசல் இருந்தது. போன மழைக்காலத்தில் சேரி இருளாயி வலியோடு வந்து அதைத் தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள். முன்வாசலுக்குச் சுற்றிப் போக அவளுக்குத் துணிவில்லை. போயிருந்தால் விட்டிருப்பார்களா என்பதும் சந்தேகம். அமிர்தவல்லி ஓடிவந்தபோது குழந்தை சாக்கடையோரத்தில் பிறந்து, அங்கேயே அடங்கியிருந்தது.

இருளாயி இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள்.

“பின்வாசல் வச்சா நான் வேலைக்கு வரமாட்டேன். வேற டாக்டரைப் பாத்துக்கங்க” என்றாள் அமிர்தவல்லி. சொன்ன பிறகுதான் உறைத்தது: அவளும் போய்விட்டால் இருளாயிக்கு யார்?

எல்லாரும் உடையப்பனைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலைக் காம்பு கிள்ளுவதில் மும்முரமாக இருந்தார்.

‘உமியோடு சேர்த்து ரோஷத்தையும் ஊதித் தள்ளிவிட்டார் போலிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டாள்.

ஆத்மநாதன் தொண்டையைச் செருமினார். “ஐயாவுக்கு என்ன நட்சத்திரம்?”

“அனுஷம்” என்றார் உடையப்பன்.

“அடடா!”

கிண்டியில் இஞ்சினியரிங் படித்தவர், கண்ணை மூடி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அமிர்தவல்லிக்கு ஆத்திரம் வந்தது. இனி வாயுமூலை, அக்கினிமூலை என்று சொல்லி இவரே நாலு வாசல் வைப்பார்!

“மனையடி சாஸ்திரத்துல ஒரு பாட்டு இருக்குங்க. சொல்லவே சங்கடமா இருக்கு.”

“அட, சொல்லுங்க” என்று முன்னால் நகர்ந்தார் சேவுகன்.

ஆத்மநாதன் ராகத்தோடு பாடினார்:

“கொடைமனை இருவாய் வைத்தால்
கொடுத்தவன் மூத்த மைந்தன்
கிடையினில் விழுவான், கூடக்
கிளைஞரும் நலிவர் தாமே.”

பிறகு பொருள் சொன்னார்: “தானமாக் கொடுத்த மனையில ரெண்டு வாசல் வச்சா, கொடுத்தவரோட மூத்த மகன் படுக்கையில விழுவான். கிளைஞரும் அவனோட சேந்து நலிஞ்சு போவாங்க.”

“கிளைஞருன்னா?” சேவுகனின் குரல் இறங்கியது.

“பங்காளிங்க.”

சேவுகனின் விரல் வரைபடத்தைவிட்டுத் தானாக எழுந்தது.

“நான் சும்மா காத்துக்குன்னுதான் சொன்னேன். அதுக்கு ஜன்னலே போதும்ணே! ஒரே வாசலாப் போடச் சொல்லுங்க. அதையும் நல்லா அகலமாப் போடச் சொல்லுங்க.”

உடையப்பன் பெருமூச்சு விட்டார். “ஒன் விருப்பம்போலவே ஆகட்டும் சேவுகா. சாஸ்திரம் சொல்றப்ப நாம என்ன செய்யிறது?”

இருவரும் படியிறங்கிப் போனதும் அமிர்தவல்லி நாற்காலியில் சாய்ந்தாள். சட்டத்துக்கு அசையாதவர் ஒரு பாட்டுக்கு அசைந்துவிட்டார். இதற்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

“கிண்டியில ஒங்களுக்குக் கட்டடம் சொல்லிக் குடுத்தாங்களா, கிளி ஜோசியம் சொல்லிக் குடுத்தாங்களா சார்? இதையெல்லாம் நீங்க நம்புறீங்களா?”

“நான் கட்டின பாட்டை நானே எப்படிம்மா நம்புறது?” என்றார் ஆத்மநாதன். “காலையில குளிக்கும்போது கட்டினேன்.”

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு, இருளாயியின் குழந்தை போன நாளிலிருந்து வராத சிரிப்பு, அடக்க அடக்க வந்தது. நெஞ்சில் ஏறியிருந்த பாரமெல்லாம் அந்தச் சிரிப்பிலேயே இறங்கிற்று.

“பாவம் உடையப்பன்! ஒரு பொய்ப்பாட்டுக்கு இப்படி ஏமாந்துட்டாரே. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல வாயில்லாத மனுஷன்...”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

“நீ போயி வண்டியப் பூட்டச் சொல்லு சேவுகா. வாசக்கால் வைக்க நாள் கேட்டுட்டு வாரேன்” என்று கீழே பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார் உடையப்பன். கதவை ஒருக்களித்துச் சாத்தினார், குரலைத் தாழ்த்தினார்.

“மகனை மட்டும் சொன்னா அவன் மசியமாட்டான், பங்காளியையும் சேத்துப் பாடுங்கன்னு நான் நேத்தே சொன்னது சரியாப் போச்சா தம்பி? அடுத்தாப்புல கீரமங்கலம் சந்தையில பொதுக் கிணறு வெட்டப் போறேன். இவன் ரெண்டு கிணறு கேப்பான். அதுக்கும் ஒரு பாட்டுக் கட்டி வைங்க!”