கேக் அமுங்கிவிடும்

ஃப்ரிட்ஜ் கதவில் அந்த வருடத்து இலக்குகள் ஒட்டியிருந்தன. ஊருக்கெல்லாம் ‘இலக்கை எட்டுவது எப்படி’ என்று வகுப்பெடுக்கும் கணவருக்குப் பதினேழு. வேலைக்கும் போய், இரண்டு பிள்ளைகளையும் மேய்க்கும் மனைவிக்கு ஒன்றே ஒன்று: ஞாயிறுதோறும் கேக் சுடுவது.

இருபதாவது ஞாயிறும் கேக் கரியாகத்தான் வந்தது.

“அம்மா, இதால சுவத்துல படம் வரையலாம்” என்றாள் மகள்.

“இங்க பாரு, எட்டாத இலக்கை விட்டுடறதும் ஒரு கலைதான். கடையில வாங்கிக்கலாம்” என்றார் கணவர்.

அவளுக்குப் பகீரென்றது. “முன்வச்ச காலைப் பின்வைக்கக் கூடாதுன்னு வகுப்புல நீங்கதானே சொல்றீங்க?”

தன் வசனத்தைத் தன் வீட்டிலேயே கேட்டதில் அவர் உருகிப்போனார். “சபாஷ்! அடுத்த வாரம் நானும் அடுப்படியில கூட நிக்கிறேன்.”

“ஐயோ, வேண்டாங்க! ஆள் நடமாடினா, சத்தம் கேட்டா கேக் அமுங்கிடும். முக்கால் மணி நேரம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கக் கூடாது.”

அடுத்த ஞாயிறு அவரே டிவியை அணைத்து, பிள்ளைகளை அதட்டி உட்காரவைத்தார். அடுப்படிக் கதவு தாழிடப்பட்டது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே அவள் கேக்கை ஓவனில் வைத்தாள். அதன் மணி அடிக்காதபடி நிறுத்தினாள். தரையில் துண்டை விரித்து, மாவுப் பையைத் தலைக்கு வைத்து, வாரம் முழுவதும் சேர்ந்த அலுப்போடு கண்ணை மூடினாள்.

சற்று நேரத்தில் மகள் கதவில் காதை வைத்தாள். “அப்பா, உள்ள கொர்ர் கொர்ர்னு என்னமோ கேக்குது.”

அவர் விரலை உதட்டில் வைத்தார்.

“உஷ்! கேக் பொங்குது.”