வால்வெள்ளிக்கு வெளிச்சம்

வால்வெள்ளி கண்ணுக்குத் தெரியும் கடைசி இரவு அது. இனி அது திரும்பி வர எத்தனையோ தலைமுறை ஆகும். அதைப் படம் பிடிக்க ஒரு கேமராவும் முக்காலியும் டார்ச்சும் பாறை உச்சியில் காத்திருந்தன.

நன்றாக இருட்டியதும் கேமரா முக்காலி மேல் ஏறிக் கண்ணைத் திறந்தது.

"ரெண்டு நிமிஷம் கண்ணை மூடாமப் பார்க்கணும். அதுக்கப்புறம் வால்வெள்ளி மலைக்குப் பின்னால இறங்கிடும். யாரும் அசையாதீங்க."

காற்று அடித்தது. முக்காலி காலை ஊன்றிக்கொண்டு நின்றது. டார்ச்சுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"நான் என்ன செய்யட்டும்?"

"நீ சும்மா இரு" என்றது முக்காலி.

"சும்மா இருக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? பாவம், அதுவே மங்கலா இருக்கு."

டார்ச் முன்னால் ஓடி, வானத்தைப் பார்த்து எரிந்தது. பிறகு அப்படியே கேமராவின் பக்கம் திரும்பி, "இப்போ நல்லாத் தெரியுதா?" என்று கேட்டது.

கேமராவால் கண்ணை மூட முடியவில்லை.

வால்வெள்ளி மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. படத்தில் பெரிய வெள்ளைத் திட்டு ஒன்று மட்டும் இருந்தது.

"இது நான்தானே?" என்றது டார்ச். "வால்வெள்ளி எங்கே?"

கேமரா சொன்னது.

"உனக்குப் பின்னாடி."