காக்கைக்கு வைத்த பாயசம்

அவர் அவளுடைய கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார்.

ஒரு தடவை.

இரண்டாவது தடவைக்கு இழுத்தபோது பிடி வழுக்கியது. அவர் கை நனைந்திருந்தது. நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. மொட்டைமாடியில் நல்ல தை மாதக் காற்று.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது.

அவராக அடிக்கும்போது கை காய்ந்திருக்கும். நாற்பத்து மூன்று வருடம் வாங்கியவள். மேலே பட்டதுமே தெரிந்துவிடும்.

மணி ஒன்று ஐம்பது.

பன்னிரண்டரைக்கு அவளேதான் அவர் வயிற்றில் இன்சுலின் போட்டாள். போட்ட அரை மணிக்குள் சோறு உள்ளே போய்விட வேண்டும். எழுபத்து நான்கு வயது உடம்பு, அதற்கு மேல் தாங்காது. கீழே சாப்பாடு தயாராகத்தான் இருந்தது. ஆனால் இன்று தை அமாவாசை. காலையிலிருந்து விரதம். காக்கை எடுக்காமல் அவர் சாப்பிட மாட்டார். காக்கை எடுத்தால்தான் செத்துப்போன அப்பா சாப்பிட்ட மாதிரி.

காக்கை வரவில்லை.

எப்படி வரும்? தெரு முழுக்க இன்று இலை. பத்து வீட்டில் வடை தின்ற காக்கைக்குப் பதினோராவது வீட்டில் என்ன வேலை?

"நீங்க சாப்பிடுங்க. அது பாட்டுக்கு வரட்டும்" என்று ஒன்றே காலுக்குச் சொன்னாள்.

"எங்கப்பன் பட்டினி கிடக்க, நான் திங்கவா?"

சொல்லிக்கொண்டே கன்னத்தில் ஒன்று விட்டார். அப்போது கை காய்ந்துதான் இருந்தது.

போன வருடமும் இப்படி ஒரு நாள் சர்க்கரை இறங்கி, அவள் விரலை முறித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்குவமாகத்தான் சொன்னார். "சுகர் குறைஞ்சா கையை நீட்டுவாங்கம்மா. அது அவர் இல்ல. மனசுல வச்சுக்காதீங்க." வந்ததும் வந்தாள் என்று அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை நோய் சுத்தமாக இல்லை.

அதற்கு முந்தைய நாற்பத்திரண்டு வருடத்துக்கு என்ன குறைந்தது டாக்டர் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து எதற்கு அடித்தாலும் அடித்து முடித்துவிட்டு அவர் அதையே சொல்வார். டாக்டரே சொல்லிட்டார்ல, மனசுல வச்சுக்காத.

இப்போது அவர் கண் எங்கேயோ பார்த்தது. கால் பின்னியது. பின்னால் இடுப்புயரக் கைப்பிடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் தெரு.

சர்க்கரை டப்பா கீழே. போன் கீழே. இரண்டு மாடி. இறங்கி ஏறுவதற்குள் விழுந்துவிடுவார்.

விழட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது உண்மை. சும்மா உட்கார்ந்தால் போதும். கால் மணி நேரம். யார் கேட்கப் போகிறார்கள்?

கைப்பிடிச் சுவர்மேல் இலை. இலையில் பாயசம். நல்ல வெல்லம் போட்டது.

மாமனாருக்கு வைத்ததைக் கையோடு வழித்து எடுத்தாள்.

அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினாள். மேலே முழங்காலை ஊன்றிக்கொண்டாள். அவர் அவள் வயிற்றில் உதைத்தார். அவள் விலகவில்லை. வாயில் விரலை விட்டாள். கடித்தார். எலும்பு வரைக்கும் பல் இறங்கியது. பாயசத்தில் ரத்தம் கலந்தது.

பல்லை இறுக்கிக்கொண்டுவிட்டார்.

அவள் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

வாய் திறந்தது.

வழித்துக் கன்னத்துக்குள் அப்பினாள். "முழுங்குங்க." முழுங்கினார். இன்னொரு கை. அதையும் முழுங்கினார். மூன்றாவதற்கு நடுக்கம் நின்றது. வாய் தானாகவே திறந்திருந்தது.

அவள் இன்னோர் அறை வைத்தாள்.

அப்புறம் இந்தக் கன்னத்தில் ஒன்று.

நன்றாக இருந்தது.

பிறகு அவரைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள். கடித்த விரலில் முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள். கீழே போய் இன்னொரு கையைக் கழுவித் துடைத்து, சோறும் பருப்பும் எடுத்துவந்தாள். வேறு இலையில் சோறு போட்டுப் பிசைந்து ஊட்டத் தொடங்கினாள். நான்கு வாய் போனதும் கண் தெளிந்தது.

அவர் கைப்பிடிச் சுவரைப் பார்த்தார். பாயசம் வைத்த இடம் காலி.

"காக்கா எடுத்துருச்சா?"

"எடுத்துருச்சு."

அவர் கன்னத்தைத் தடவினார். இரண்டு பக்கமும் விரல் விரலாகத் தடித்திருந்தது.

"எரியுது. நீ அடிச்சியா?"

அவள் பருப்பை ஊற்றினாள். உருண்டையாகப் பிடித்தாள்.

"காலைல இருந்து எனக்கும் பல்லுல பச்சத்தண்ணி படல. சுகர் குறைஞ்சிருக்கும். மனசுல வச்சுக்காதீங்க."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். புறங்கை காய்ந்திருந்தது.



அடுத்த உருண்டைக்கு அவராகவே வாயைத் திறந்தார்.