மடிப்பு விழுந்த அட்டை

எமில் அந்த அட்டையை விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடியை எடுத்தார்.

மகள் மார்லீன் குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே நின்றாள்.

ஐம்பத்தொன்பதில் வெளிவந்த பேஸ்பால் அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்டக்காரரின் படம். பள்ளிக்கூட வயதில் பபிள்கம்மோடு வாங்கிச் சேர்க்கத் தொடங்கியவர், எழுபதைத் தாண்டியும் விடவில்லை. மொத்த வரிசையிலும் ஒரே ஓர் அட்டைதான் பாக்கி. அதைத்தான் மார்லீன் கொலம்பஸ் நகரத்துப் பழம்பொருள் சந்தையில் தேடிப் பிடித்து, அவர் பிறந்தநாளுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

அட்டைகளுக்குப் பத்து வரை தரம் உண்டு. எமில் ஏழு என்று முடிவு செய்திருந்தார். எட்டு பணக்காரக் கிறுக்கு, ஐந்து சோம்பேறியின் சமாதானம் என்பார். எல்லாம் ஏழாக இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் வரிசையே பல்லை இளித்துவிடும் என்பது அவர் கட்சி.

அதனால் மார்லீன் கடைக்காரனிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் வாங்கினாள். ஏழுதான் என்று அவன் சத்தியம் செய்யாத குறை.

“கீழ் மூலை மழுங்கியிருக்கு. ஆறுதான் தேறும். திருப்பிக் குடுத்துடு” என்றார் எமில்.

வாங்கி வந்தாயே என்று ஒரு வார்த்தை இல்லை.

வாராவாரம் வந்து மருந்து டப்பாவை நிரப்புவது அவள். வாசல் பனியைத் தள்ளுவதும் அவள்தான். தம்பி கேரி அரிசோனாவில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அதுவும் ஞாபகம் வந்தால்.

மேஜைமேல் ஆல்பம் கிடந்தது. யாரையும் தொடவிடமாட்டார். இன்று கேட்காமலே புரட்டினாள்.

பக்கத்துக்குப் பக்கம் பளபளப்பு. நடுவில் ஓர் உறையில் மட்டும், குறுக்கே மடிப்பு விழுந்து, ஓரம் பிய்ந்து, துணிக் கிளிப் கடித்த தடத்தோடு ஓர் அட்டை. தரம் ஒன்றுகூடத் தேறாது.

இது மட்டும் எப்படி உள்ளே வந்தது என்று கேட்டாள்.

எமிலின் முகம் மலர்ந்துவிட்டது. கேரி சின்னப் பையனாக இருந்தபோது, இதைக் கிளிப் போட்டு சைக்கிள் சக்கரத்தில் மாட்டி, மோட்டார் மாதிரி படபடவென்று தெருவையே சுற்றினானாம். யார் செய்தது என்று இவர் கத்தியதும் ஓடி வந்து நின்றானாம்.

“நான்தான்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னான் பாரு, சிங்கக்குட்டி. அத எடுத்துட்டு வேற வைக்க எனக்கு எப்படி மனசு வரும்?”

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இந்த வீட்டில் அது மகனுக்கும் மகளுக்கும்.

மார்லீன் வாயைத் திறந்தாள்.

அந்தக் கோடையில் கேரிக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. சத்தத்தைக் கேட்டுச் சிரித்தபடி பின்னாலேயே ஓடி வந்தவன் அவன். அட்டையை மாட்டி, தெருவெல்லாம் மிதித்தது அவள்.

சொல்லவில்லை. ஆறை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஆல்பத்தை மூடினாள்.

அந்த ஆல்பத்துக்குள் அவளுடையது என்று இருப்பது அந்த மடிந்த அட்டை ஒன்றுதான். சொன்னால், அடுத்த சந்தையிலேயே அதற்குப் பதில் ஓர் ஏழு வந்துவிடும்.