தினம் ஒரு வாய்

ஒயின் பீப்பாயின் தக்கையைப் பிடுங்கிக் கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டாள்.

ஈஸ்டர் முடிந்து முதல்முறை விட்டபோது நுனி பட்டதுமே ஒயின் ஏறியது. இப்போது நாலைந்து விரல் இறங்கினால்தான் நனைகிறது.

பாதியைக் காற்று குடித்தது. மீதியை இவள் குடித்தாள்.

தினம் சாயங்காலம் ஒரு வாய். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது.

கோப்பையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மெலிந்த சிவப்பு. பின்னால் இருந்த விரல் தெரிந்தது. ஊரில் யாரிடமாவது காட்டினால் தண்ணீர் கலந்தாயா என்று கேட்பார்கள். கம்பம் பக்கத்து வெயிலில் பன்னீர் திராட்சை கறுகறுவென்று பழுக்கும். டாஸ்மேனியாவின் இந்தக் கடலோரக் குளிரில் எல்லாமே ஆடி அசைந்துதான் வரும். பழம் நிறம் மாறுவதற்குள் மனிதருக்குப் பொறுமை போய்விடும்.

அவள் கணவர் லூர்துவுக்கு மட்டும் பொறுமை போகவில்லை.

அறுவடைக்கு முன் தினமும் பனிமூட்டத்தில் வரிசை வரிசையாக நடப்பார். பழத்தைத் தின்று கொட்டையைக் கடித்துப் பார்ப்பார். இன்னும் பச்சை என்று உதட்டைப் பிதுக்குவார். மழை வரப்போகிறது, இன்றைக்கே பறித்துவிடலாம் என்று அவள் சண்டை போட்டாள்.

"பெஞ்சா நனைவோம்டி, போ."

பெய்யவில்லை. மனிதருக்கு என்ன பெருமை! சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதையே சொல்லிக் காட்டினார்.

தோட்டத்தில் பாறைமேட்டுப் பகுதியின் பழம் முழுவதையும் அவரே பறித்தார். அவரே மிதித்தார். முழங்கால் வரை சிவந்த காலோடு சமையலறைக்குள் வந்து அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அது ஒரு பீப்பாய் ஆனது.

அந்த வாரமே, புனித வாரத்தில், அவருடைய நெஞ்சு நின்றுபோனது.

அடக்கம் முடிந்த மறுநாள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவள் தோட்டத்தில் இறங்கினாள். பழம் துக்கம் பார்த்துக் காத்திருக்காது. மற்ற பீப்பாய்களெல்லாம் அவள் ஆக்கியவை. அவற்றில் ஒன்றையும் இதுவரை வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

கோப்பையை மெல்லச் சுழற்றி மூக்கருகே கொண்டுவந்தாள்.

செர்ரி. ஈர மண். கடற்காற்றின் உப்பு. அப்புறம், தோட்டத்திலிருந்து வந்து அவர் கழற்றிப் போடும் சட்டை.

தினமும் இந்த இடத்தில்தான் கண்ணை மூடிக்கொள்வாள். அவர் பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இருக்கும்.

இன்று சட்டைக்குப் பின்னால் வேறொன்று இருந்தது. மூக்கில் ஊசியாகக் குத்தியது.

காடி.

இருக்காது என்று மறுபடி முகர்ந்தாள். காடிதான், வினிகர் நெடி.

ஒரு வாய் வைத்தாள். இந்தத் தொழிலில் சுவைத்துவிட்டுத் துப்ப வேண்டும். அவளுக்கு அது வரவே வராது. பூசையில் பீடத்தில் ஏந்துகிற பொருளைத் துப்புவதாவது? "பாதித் தோட்டம் உன் வயித்துலதான்டி இருக்கு" என்று லூர்து சிரிப்பார்.

விழுங்கினாள்.

இன்னும் கெடவில்லை. கெடத் தொடங்கியிருக்கிறது.

பீப்பாயில் குறை விழுந்தால் காற்று தங்கும். காற்று தங்கினால் ஒயின் காடியாகும். அதனால் வாரம் தவறாமல் வேறு ஒயினை ஊற்றி நிரப்பி வைப்பார்கள். மற்ற பீப்பாய்களுக்கு அவள் ஒழுங்காக ஊற்றினாள். இதில் மட்டும் ஒரு சொட்டு விட மனம் வரவில்லை. அவர் காலால் மிதித்ததில் இன்னொன்றைக் கலப்பதா?

உடன் இருந்து தோட்டத்தைப் பார்க்கும் கொழுந்தன் சிங்கராயன் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். "அண்ணன் ஒயினு காடியாப் போனா ஊறுகாய்தான் போடணும் மதினி" என்று போன வாரம் சொன்னான். ரெண்டு நாள் அவனோடு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது பீப்பாயின் மேல் கையை வைத்தபடி நின்றாள்.

நினைத்து நினைத்துக் குடித்த ஒவ்வொரு வாய்க்கும் அத்தனை காற்று உள்ளே போயிருக்கிறது. அழுகை வந்தது. தன் மேலேயே கோபமும் வந்தது.

அடுத்த பீப்பாயைத் திறந்தாள். அவளுடையது. கொஞ்சம் எடுத்துச் சுவைத்தாள்.

முரட்டு ஒயின். துவர்ப்பும் கூடுதல். அழுதுகொண்டே பறித்த பழத்துக்கு இதுவே அதிகம். ஆனாலும் அடிநாக்கில் கடற்காற்றின் அதே உப்பு இருந்தது.

"தம்பி, கேனை எடுத்துட்டு வாங்க."

சிங்கராயன் ஓடிவந்தான். எதில் ஊற்ற என்று அவன் கேட்கவில்லை. அவளுடைய பீப்பாயிலிருந்து கேனை நிரப்பினான். அண்ணன் பீப்பாயின் வாயில் புனலைச் செருகி ஊற்றினான். ஊற்றிக்கொண்டே இருந்தான்.

"இம்புட்டா குறைஞ்சிருக்கு? எங்கிட்டாச்சும் ஒழுகுதா மதினி?"



கேனைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பீப்பாயின் வயிற்றைச் சுற்றிலும் தடவினான். உள்ளங்கை காய்ந்தே இருந்தது. நிமிர்ந்தவன் அவள் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தான். சிவந்திருந்த உதட்டைப் பார்த்தான்.

பிறகு மீதியையும் ஊற்றினான். ஒயின் வாய்வரை வந்து தளும்பியது.

தக்கையை வைத்து அழுத்தினான். மரச்சுத்தியலை எடுத்தவன், அடிக்காமல் அவளிடம் நீட்டினான்.

நாளைச் சாயங்காலத்தை எப்படிக் கழிப்பது என்று நினைத்துக்கொண்டே அவள் ஓங்கி அடித்தாள்.